பன்னிரண்டு வயதுப் பாவாடை

கணக்குப் புத்தகத்தில் யாரும் சாவதில்லை. அப்பாவுக்கு நாற்பது வயது, மகனுக்குப் பத்து வயது, ஐந்து ஆண்டுகள் கழித்து என்று ஆரம்பித்தால் இரண்டு பேரும் சொன்ன பேச்சு கேட்டு ஐந்தைந்து வயது ஏறி வந்து நிற்பார்கள். காய்ச்சல் கிடையாது, பேருந்து தாமதம் கிடையாது. எழுதினவருக்கு நல்ல குடும்பம் வாய்த்திருக்கிறது போல.

என் பெயர் உலகம்மாள். பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் இயற்பியல் முதலாண்டு. முழுதாகச் சேர்ந்துவிட்டேன் என்றும் சொல்ல முடியாது. கணக்கில் மட்டமாக வந்தவர்களை எல்லாம் ஒரே அறையில் உட்காரவைத்து, பிரிட்ஜ் கோர்ஸ் என்று பெயர் வைத்து, அடிப்படை இயற்கணிதம் நடத்தினார்கள். கடைசியில் ஒரு தேர்வு. தேறினால் இயற்பியல்; தேறாவிட்டால் வேறு பாடத்துக்கு மாறிக்கொள்ள வேண்டும். எனக்கு இயற்பியல்தான் வேண்டும். எட்டாம் வகுப்பில் ஒரு லென்சை வெயிலில் பிடித்துத் தேயிலையில் ஓட்டை போட்ட நாளிலிருந்து வேறு எதிலும் மனது நிற்கவில்லை.

ரீபா மேடம் நன்றாகவே நடத்தினார். அடைப்புக்குறி வந்துவிட்டது, பின்னம் வந்துவிட்டது. வயதுக் கணக்கு மட்டும் தப்பிப்போகும். எப்போதும் ஒரே தப்பு. அப்பா மகன் கணக்கென்றால் ஒழுங்காகப் போட்டுவிடுவேன். அக்கா தங்கை என்று வந்தால் தங்கைக்கு மட்டும் வருடத்தைக் கூட்டுவேன், அக்காவை அப்படியே விட்டுவிடுவேன்.

"வயசு எல்லாருக்கும் ஒண்ணு போலத்தான ஏறும்? அக்காவுக்கு மட்டும் ஏம்மா கூட்ட மாட்டேங்குத?" என்று மேடம் ஒருநாள் கேட்டார்.

"எங்க அக்காவுக்கு ஏறாது மேடம்" என்றேன்.

வகுப்பு முழுக்கச் சிரித்தது. சிரிக்கட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.

நாங்கள் மாஞ்சோலைக்காரர்கள். தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில் பிறந்து வளர்ந்தவர்கள். என் அக்கா முத்துப்பேச்சிக்குப் பன்னிரண்டு வயதில் காய்ச்சல் கண்டது. கீழே போகும் பேருந்துக்குக் காத்திருந்தோம். பேருந்தும் வந்தது. மலை இறங்கி முடிவதற்குள் அவள் அம்மா மடியில் முடிந்துபோனாள். எனக்கு அப்போது ஆறு வயது.

எங்கள் பக்கம் கல்யாணமாகாமல் செத்த பெண்பிள்ளை வீட்டுக்குக் கன்னித் தெய்வமாகிவிடுவாள். ஆடிக்கு ஆடி அவளுக்குப் புதுப் பாவாடை சட்டை, வளையல், ரிப்பன் எல்லாம் வாங்கி ஓர் ஓலைப்பெட்டியில் வைத்துக் கும்பிடுவோம். அடுத்த ஆடியில் திறந்து பார்த்தால் துணி மடிப்புக் கலைந்து கசங்கியிருக்கும். கன்னி உடுத்தியிருக்கிறாள் என்று அம்மா கண்ணில் ஒற்றிக்கொள்வாள். கடைக்காரர் அளவு கேட்டால் ஒவ்வொரு வருஷமும் ஒரே பதில்தான்: பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு.

பெட்டியிலிருந்து எடுத்த பழைய துணியை, அந்த அளவில் வீட்டில் யார் இருக்கிறார்களோ அவர்கள் போட்டுக்கொள்ளலாம். எனக்குப் பன்னிரண்டு ஆனபோது நான் போட்டேன். அம்மா என்னைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லி வெகுநேரம் பார்த்தாள். அன்று முழுக்க என் பெயரைச் சொல்லிக் கூப்பிடவில்லை. அடுத்த வருஷம் பாவாடை எனக்குப் பத்தவில்லை. அதற்கு ஏச்சு விழுந்தது. வளர்ந்ததற்காக ஏச்சு வாங்கியவர்கள் உலகத்தில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று தெரியாது, நான் ஒருத்தி.

போன வருஷம் கம்பெனி தோட்டத்தை மூடி எங்களை இறங்கச் சொன்னபோது இறங்கினோம். பெட்டியை அம்மா மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள். திருநெல்வேலி ஓரத்தில் ஓர் அடுக்குமாடியில் மூன்றாவது மாடி வீடு. போன ஆடிக்கு இங்கே வந்து வைத்த பாவாடையை இந்த ஆடி பிறந்ததும் திறந்து பார்த்தோம். கடையில் மடித்த மடிப்பு அப்படியே இருந்தது.

"அவ வரலட்டி. மலையிலயே நின்னுட்டா. அங்கன தனியா என்ன செய்யுதாளோ" என்றாள் அம்மா. அதற்குப் பிறகு சரியாகச் சாப்பிடவில்லை.

மலையில் பனி இறங்கும், துணி ஈரம் கோத்துத் தானாகவே தொய்ந்து போகும், அவ்வளவுதான் விஷயம் என்று சொல்ல வாய் வரை வந்தது. ஆனால் எனக்கே அதில் நம்பிக்கை இல்லை. மலையில் பாத்திரம் கழுவும்போது சில சமயம் பிடரியில் ஒரு மூச்சு படும். பயமாக இருக்காது. கூட ஆள் நிற்கிற மாதிரி இருக்கும். கீழே வந்த பிறகு ஒருநாள்கூடப் படவில்லை. இந்த வீட்டில் அவள் இல்லை என்பது எனக்கும் தெரிந்தே இருந்தது.

வகுப்பு சிரித்த அன்று ரீபா மேடம் என்னை மட்டும் நிறுத்திக் கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். மேடம் கையிலிருந்த சாக்பீஸ் தூளைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

"கணக்குல மட்டும் அவ இருக்கான்னு வச்சுக்கயேம்மா."

"வச்சுக்கிட்டா வந்துருவாளா மேடம்?"

"நீ பாஸாவணும்லா" என்று மட்டும் சொன்னார்.

அவருக்குச் சுலபம். கூட்டினால் அக்கா பெரியவளாகிவிடுவாள். பாவாடை கட்டின பிள்ளை போய்விடும். அம்மாவிடம் மிச்சமிருப்பது அந்தப் பிள்ளை ஒன்றுதான். ஒரு பாடத்தில் தேறுவதற்காக அதில் நான் கைவைப்பதா?

தேர்வில் அக்கா தங்கை கணக்கு வந்தே விட்டது. அக்காவின் வயது தங்கையின் வயதைப்போல் இரு மடங்கு. ஆறு ஆண்டுகள் கழித்து இருவர் வயதின் கூடுதல் முப்பது. இப்போதைய வயது என்ன?

தங்கையின் வயது x என்க. முதலில் என் வழியில் போட்டேன். தங்கை எட்டு, அக்கா பதினாறு. விடையைத் திரும்பப் போட்டுச் சரிபார்க்க வேண்டும் என்பது மேடம் வைத்த சட்டம். ஆறு வருஷம் கழித்துத் தங்கை பதினான்கு, அக்கா அதே பதினாறு, கூட்டினால் முப்பது. என் வழியிலும் இடிக்காமல் வந்தது. அதுதான் கொடுமை. தாளைக் கொடுத்துவிட்டுப் போய்விடலாம், இயற்பியலும் போய்விடும்.

போட்டதை அடித்தேன். அக்காவுக்கும் ஆறு கூட்டினேன். x ஆறு என்று வந்தது. தங்கை ஆறு, அக்கா பன்னிரண்டு.

வினாத்தாள் எழுதியவருக்கு எங்களைத் தெரிய வழியே இல்லை. ஆனாலும் அந்தப் பேருந்தில் ஏறிய நாளில் எங்களுக்கு இருந்த வயது அதுவே. இன்னும் சரிபார்க்கும் வரி பாக்கி. ஆறு ஆண்டுகள் கழித்துத் தங்கை பன்னிரண்டு, அக்கா பதினெட்டு என்று எழுதினேன்.

பிடரியில் மூச்சு பட்டது. திரும்பினேன். நான் கடைசி பெஞ்சு. பின்னால் சுவர்தான் இருந்தது.

மறுநாள் முடிவு சொன்னார்கள். தேறிவிட்டேன். இயற்பியல் எனக்குத்தான். வீட்டுக்கு வந்து சொன்னதும் அம்மா "நல்லா படி" என்றாள், அவ்வளவுதான். அவள் டவுனுக்குப் புறப்பட்டு நின்றாள். கன்னி வராவிட்டாலும் ஆடிக்குத் துணி எடுக்காமல் இருக்க முடியாது அவளால். நானும் கூடப் போனேன்.

கடையில் அண்ணாச்சி பாவாடைக் கட்டுகளை இறக்கிக்கொண்டே, "பிள்ளைக்கு என்ன வயசும்மா?" என்று கேட்டார்.

அம்மா வாய் திறப்பதற்குள் நான் சொல்லிவிட்டேன். "இருபத்திநாலு."

தேர்வில் பதினெட்டோடு விட்டிருந்தேன். ஆனால் பன்னிரண்டு வயதில் நான் அந்தப் பாவாடையைப் போட்டு இன்னும் ஆறு வருஷம் ஓடிவிட்டதே. கூட்ட ஆரம்பித்தால் நடுவில் நிறுத்த முடியாது. அம்மா என் பக்கம் திரும்பினாள். அடி விழும் என்றே நினைத்தேன்.

"யாரைச் சொல்லுத?"

"அக்காவைத்தாம்மா."

அம்மாவின் கை பாவாடைக் கட்டின் மேலேயே இருந்தது. உதடு அசைந்தது, விரல் விட்டு எண்ணினாள். அண்ணாச்சி எங்களை மாறி மாறிப் பார்த்தார்.

"அதாம் உடுத்தலையா" என்றாள் அம்மா, பைய. "பத்தியிருக்காது அவளுக்கு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷமா பயமா என்று கேட்டால் இரண்டும்தான். அம்மா பாவாடைகளை ஒதுக்கிவிட்டு, "சேலை எடுத்துப் போடுங்க அண்ணாச்சி" என்றாள். அரக்கு நிறத்தில் ஒன்றை எடுத்து உதறி என் தோளில் போட்டுக் கண்ணாடி முன்னால் நிறுத்தினாள்.

கண்ணாடியில் அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. என் தலைக்கு ஒரு சாண் மேலே பார்த்துச் சிரித்தாள். அக்கா என்னைவிட உயரமாகத்தான் வளர்ந்திருப்பாள்.

"முந்தி பிடிச்சிருக்காட்டி?" என்று கேட்டாள்.

என்னைக் கேட்கவில்லை. பிடரியில் மூச்சு பட்டுக்கொண்டிருந்தது. நான் அசையாமல் நின்றுகொண்டேன்.