போடாத லாக்

"லைசென்ஸ் வாங்கிட்டேண்ணா. இனி நானே லோடு அடிக்கப் போறேன். ஷாஃப்டை மட்டும் மாட்டிக் குடு."

கட்டியிழுத்து வந்த பழைய பிக்கப்பைப் பட்டறை வாசலில் நிறுத்தித் தங்கை இப்படிச் சொன்னதும், மெக்கானிக் அண்ணனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எட்டு மாதம் முன்பு, இறக்கத்தில் இதே வண்டியின் ஷாஃப்ட், இன்ஜினிலிருந்து பின்சக்கரத்தைச் சுழற்றும் அந்த நீளக் குழாய், முன்பக்கம் கழன்று தரையில் குத்தியது. வண்டி குப்புறக் கவிழ்ந்தது. ஓட்டிப்போன அவள் புருஷன் அங்கேயே போய்விட்டான். பழைய வண்டி, இரும்பு தாங்கவில்லை என்றார்கள் எல்லாரும். அண்ணனும் அதைத்தான் நம்பினான். நம்பியதால்தான் சோறு இறங்கியது.

ஷாஃப்டின் கழன்ற மூட்டுப் பகுதியைத் துணியால் துடைத்தான். அதில் கூட்டல் குறி மாதிரி, கிராஸ் என்று ஒன்று. நாலு முனையிலும் நாலு கிண்ணம். கிண்ணம் நழுவாமலிருக்க ஒவ்வொன்றுக்கும் ஒரு லாக், உடைந்த வளையல் மாதிரி. லாக் பிய்த்துக்கொண்டு போயிருந்தால் அது உட்காரும் பள்ளம் சிதைந்திருக்கும். ஒரு பள்ளம் முழுசாக, கிரீஸ் அப்பியபடி இருந்தது. அங்கே லாக் போடவே இல்லை.

கிராஸ் மாற்றியது வேறு யார்? இவனேதான், விபத்துக்கு முந்தின வாரம். வண்டிக்கடியில் படுத்தால் லாக்குகளை உதட்டில் கவ்விக்கொள்வது இவன் பழக்கம். அன்று சக்கரத்தருகே குந்தியிருந்த தங்கை புருஷன், "இப்படியே வாயை மூடிக்கிட்டு வீட்டுலயும் இருந்தா உன் பொண்டாட்டி உன்னைக் கோயில் கட்டிக் கும்பிடும், மச்சான்" என்று சீண்ட, இவன் பக்கென்று சிரித்துவிட்டான். வாயிலிருந்து கொட்டிய லாக்குகளைப் பொறுக்கினான்தான். எண்ணிப் பார்க்கவில்லை. பாவி, நாலே நாலு, அதைக்கூட எண்ணவில்லை!

பழையதைக் குப்பையில் வீசினால் யாருக்குத் தெரியப் போகிறது? சொன்னால், இருக்கிற ஒரே தங்கையும் இல்லை. ஆனாலும் சொன்னான்.

"தப்பு என்னோடதும்மா. ஒரு லாக்கை நான் போடவே இல்ல."

அவள் அழவில்லை. "தெரியும். நசுங்குன பாடியை நிமித்துனவர் போன மாசமே அந்தப் பள்ளத்தைக் காட்டிட்டாரு."

"அப்புறம் எதுக்கு எங்கிட்டயே கொண்டு வந்த?"

"உன்னவிட ஜாக்கிரதையா இனி எவன் மாட்டுவான்?" குரல் அப்போதுதான் உடைந்தது. "மாட்டிக் குடு. வீட்டுக்கு மட்டும் வராத. மாமா ஏன் வரலன்னு பிள்ளைங்க கேட்டா, அவருக்கு வேலை ஜாஸ்தின்னு சொல்லிக்கிறேன்."