சக்கரத்துச் சந்தனம்

ஆயுத பூஜைக்கு மறுநாள் என் ரிப்பேர் கடைக்கு வந்து பாருங்கள். சார்ஜ் ஏறாத போன், சுற்றாத மிக்சி, எழுத்து விழாத பிரிண்டர் என்று வரிசையாக வந்து சேரும். எல்லாவற்றின் வாயிலும் சந்தனம் இருக்கும். ராஜபாளையத்தில் மில் மெஷினிலிருந்து பல் டாக்டர் நாற்காலி வரை பொட்டு வைக்காமல் விடமாட்டார்கள். வைக்கட்டும், யார் வேண்டாமென்றது? சார்ஜர் குத்துகிற ஓட்டைக்குள்ளேதான் வைக்க வேண்டுமா? கட்டட ஓனர் பாலகணேஷ் அண்ணன் ஈயம் பற்றவைக்கிற என் சால்டரிங் அயர்னுக்கே பொட்டு வைத்துவிட்டு, "ஆசிக், உனக்கும் சேத்துத்தான் வேண்டிக்கிட்டேன்" என்பார். அவரிடம் எப்படிக் கோபப்படுவது?

அந்த அம்மா வந்தது இந்த வருடப் பூஜைக்கு முந்தின வாரம். மடியில் பால்கோவா டப்பாவை வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து யாருக்கோ வாங்கி வந்திருக்கிறார் என்று நினைத்தேன். டப்பாவைத் திறந்தால் பழைய வேட்டித் துணிக்குள் ஒரு குட்டி நீல டீசல் ரயில் எஞ்சின் இருந்தது. என் கை நீளம்கூட வராது.

பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. "இது பாண்டிச்செல்வம் எஞ்சின்லாம்மா? ஆளையே காணோமே. வெளிநாடு எங்கயும் கிளம்பிட்டானா?"

"அவன் இல்ல தம்பி" என்றார். "போன வருசம் ஆயுத பூசைக்கு மறுநாளு, பைக்குல போகும்போது லாரி அடிச்சிருச்சு. நான் அவன் அம்மா, வெங்கடேஸ்வரி."

என் வாயில் சூடு வைத்தால் தகும் என்று தோன்றியது. பதினோரு கிலோமீட்டர் தள்ளி ஸ்ரீவில்லிபுத்தூரில் நடந்தது எனக்குத் தெரியாமலே போயிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமையானால் மெல்லிசு ஈயக் கம்பி வாங்க வருவான். வாங்குவது கொஞ்சம், பேசுவது அதிகம். வீட்டு மாடியில் பெரிய மேஜை போட்டுத் தண்டவாளம் பதித்திருந்தான். "மீசை வச்ச பயலுக்குப் பொம்மை ரயிலு கேக்குதோ?" என்று சீண்டுவேன். "அண்ணே, இது பொம்மை இல்ல, மாடல்" என்று முகம் சிவப்பான்.

"வர்ற வாரம் முதத் தெவசம் வருது" என்றார். "அவனுக்குப் பிடிச்சதெல்லாம் எலையில படைக்கணும்லா? கோழிக் கொழம்பு, பணியாரம்னு சமைச்சு வச்சிருவேன். ஆனா இதவிட அவனுக்குப் பிடிச்சது எதும் கெடையாது தம்பி. அவன் போட்டாவுக்கு முன்னால இது ஒரு சுத்தாவது சுத்தணும். தண்டவாளத்துல வச்சா அசைய மாட்டேங்குது. நான் வேற ஊக்கால நோண்டிப்புட்டேன்."

எஞ்சினை மல்லாக்கப் போட்டேன். இந்த ரயிலுக்குக் கரண்ட் தண்டவாளத்திலிருந்து வருகிறது. அதைச் சக்கரம் வாங்கும். சக்கரத்தின் உள்பக்கத்தில் உரசிக்கொண்டு நிற்கிற மெல்லிய பித்தளைத் தகடு அங்கிருந்து எடுத்து மோட்டாருக்குக் கொடுக்கும். பிக்கப் என்பார்கள். சக்கரத்துக்கும் தகட்டுக்கும் நடுவே ஒரு தூசி போனாலும் எஞ்சின் திக்கும். இங்கே எல்லாச் சக்கரத்திலும் சந்தனம் வழிந்து இறங்கி, பிக்கப் தகடுகளோடு சேர்ந்து காய்ந்து கிடந்தது. ஊக்குப் பட்டு ஒரு தகடு வளைந்து, அதன் வயரும் விட்டிருந்தது.

சீசன் எரிச்சல் பழக்க தோஷத்தில் வாய்க்கு வந்துவிட்டது. "சக்கரத்துல போயி யாரும்மா சந்தனம் வச்சது?"

"அவந்தான் தம்பி. நாந்தான் கிண்ணத்தோட நின்னு, வையிலே, வையிலேன்னு உசுர வாங்குனேன். மேல வச்சா பெயிண்டு கறையாயிரும்மா, சக்கரத்துல வைக்கேன், நாளைக்குத் தொடச்சிரலாம்னான்."

விளக்கு வைத்த பூதக்கண்ணாடியை இழுத்துச் சக்கரங்களைப் பார்த்தேன். கடைசிச் சக்கரத்தின் வெளிப்பக்கத்தில் சந்தனம் உடையாமல் இருந்தது. அதில் விரல் ரேகை வளைந்து வளைந்து, ஒரு கோடு பிசகாமல் பதிந்திருந்தது.

"என்ன தம்பி?" என்றார். சொல்லாமல் துடைத்துப் போட்டிருக்கலாம். மனசு கேட்கவில்லை. கண்ணாடியை அவர் பக்கம் திருப்பினேன்.

குனிந்து பார்த்தவர் நிமிரவே இல்லை. "அம்புட்டும் தெரியுதே" என்றார். பிறகு, "இத அழிக்காம ஓட வைக்க முடியாதா?"

"உள்பக்கம் மட்டும் தொடச்சு ஓட விடலாம்மா. ஆனா ஓட ஓட இது உதிர்ந்து தண்டவாளத்துல விழும். திரும்ப நின்னுரும். இத வச்சுக்கணும்னா ஓட்டக் கூடாது. ஓடணும்னா தொடைக்கணும்."

நான் வளைந்த தகட்டை ட்வீசரால் நிமிர்த்திச் சக்கரத்தில் படியும்படி வைத்தேன். விட்டுப்போன வயரை ஒட்டினேன். ஐந்து நிமிட வேலை. வேண்டுமென்றே இழுத்துக்கொண்டிருந்தேன். அவர் வேண்டாம் என்று சொல்லிவிட மாட்டாரா என்றுகூட இருந்தது. அந்த ரேகையை அழிக்க எனக்குக் கை வராது.

"அவனே மறுநாளு தொடைக்கிறதாத்தான் இருந்தான்" என்றார் கடைசியில். "அவன் விட்ட வேலைதான். குடுங்க, நான் தொடைக்கேன்."

காது குடையும் பட்ஸை ஸ்பிரிட்டில் நனைத்துக் கொடுத்தேன். தகட்டை எப்படி விலக்குவது, எப்படித் துடைப்பது என்று காட்டினேன். ஒவ்வொரு சக்கரமாகத் திருப்பித் திருப்பி, கைக்குழந்தைக்குக் காது துடைக்கிற மாதிரி துடைத்தார். கடைசிச் சக்கரம் வந்ததும் அந்தச் சந்தனத்தின் மேல் தன் ஆள்காட்டி விரலை வைத்துச் சற்று நேரம் அப்படியே இருந்தார். விரலை எடுத்துவிட்டு அதையும் துடைத்தார். மஞ்சளான பட்ஸ்களைக் குப்பையில் போட விடவில்லை. கைக்குட்டையில் முடிந்துகொண்டார்.

மேஜையில் பாண்டிச்செல்வம் எப்போதோ சோதித்துப் பார்க்கக் கொடுத்த ஒரு முழத் தண்டவாளம் கிடந்தது. எஞ்சினை அதில் ஏற்றிக் கரண்ட் கொடுத்தேன். முன்விளக்கு எரிந்தது. சின்னதாக ரீங்காரம் போட்டுக்கொண்டு திக்காமல், திணறாமல் அந்தக் கோடிவரை போய் நின்றது. திருப்பி விட்டேன், வந்தது. எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை.

"சந்தனந்தாம்மா நிப்பாட்டி வச்சிருந்துச்சு. வேற பெரிய கோளாறு ஒண்ணும் இல்ல. இனி ஓடும்" என்றேன்.

அவர் எஞ்சினை எடுத்து வேட்டித் துணியில் சுற்றி டப்பாவில் வைத்தார். மூடி சரியாகப் பொருந்தவில்லை. நான் பிடித்து அழுத்திக் கொடுத்தேன்.

"அன்னைக்கு அவன் பைக்குக்கும் ரெண்டு சக்கரத்துலயும் இதே கிண்ணத்துச் சந்தனந்தான் தம்பி வச்சேன்" என்றார். "இத நிப்பாட்டிருக்கு. அத நிப்பாட்டலையே."