பட்டியலில் உள்ள இடங்கள்

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு நெல்டா தன் கணவர் எர்வினைக் கோர்ட்டுக்குக் கூட்டிப்போனாள். இருவர் மேலும் வழக்கு எதுவும் இல்லை. போன வாரம் இதே கோர்ட்டில், யாரோ ஒருவனுடைய மாடு இன்னொருவனுடைய சோளத்தைத் தின்ற விவகாரத்தை மூன்று மணி நேரம் உட்கார்ந்து கேட்டார்கள். அதற்கு முந்தைய வாரம் ஒரு விவாகரத்து. நீதிபதியே இப்போதெல்லாம் அவர்களைப் பார்த்துத் தலையசைக்கிறார். வயசான காலத்தில் நெல்டாவுக்கு அடுத்தவன் வம்பில் ருசி வந்துவிட்டது என்று ஊரில் பேச்சு. அவள் மறுக்கவில்லை. உண்மையைவிட அது மரியாதையாக இருந்தது.

எர்வின் இருபத்திரண்டு வருடம் அந்த வட்டாரத்தில் துப்பாக்கிச் சட்டம் சொல்லிக்கொடுத்தவர். சனிக்கிழமைதோறும் தீயணைப்பு நிலையத்து மாடியில் வகுப்பு. இடுப்பில் துப்பாக்கியோடு எங்கே போகலாம், எங்கே போகக்கூடாது. பள்ளிக்கூடம் கூடாது, கோர்ட் கூடாது, ஓட்டுச்சாவடி கூடாது, குதிரைப் பந்தயம் கூடாது. தபால் ஆபீஸ் கூடாது. அதன் கார் நிறுத்துமிடம்கூடக் கூடாது. கடைக்காரன் தடைப் பலகை மாட்டினால் அதில் ஒவ்வொரு எழுத்தும் ஓரங்குல உயரமாவது இருந்தாக வேண்டும். முடிவெட்டும் கடையின் பலகையை அளந்து, முக்கால் அங்குலம்தான் என்று கடைக்காரனுக்கு வருத்தத்தோடு தெரிவித்துவிட்டு, துப்பாக்கியோடேயே உட்கார்ந்து முடிவெட்டிக்கொண்டவர் அவர். டெக்சஸில் இப்படிப்பட்டவருக்குப் பெயர் ஒழுக்கசீலர்.

மூன்று வருடமாக மறதி. முதலில் சாவி போனது. பிறகு மகள் ஷெரிலின் பிறந்தநாள். பிறகு ஷெரில். துப்பாக்கி கூடாத இடங்களின் பட்டியல் மட்டும் போகவில்லை.

மார்ச் மாதம் ஷெரிலின் கணவன் டுவைட் சமையலறைக் கதவு வழியாக மளிகைப் பையோடு உள்ளே வந்தான். பத்தொன்பது வருடமாக அவன் அந்தக் கதவு வழியாகத்தான் வருகிறான். எர்வின் எழுந்து நின்றார். கை இடுப்புத் துப்பாக்கியில் இருந்தது.

"யாருப்பா நீ?"

பால் ஜாடி விழுந்து உடைந்தது. டுவைட் தன் பெயரை நான்கு முறை சொன்னான். எர்வின் கையை எடுத்தார். "மன்னிச்சுக்க தம்பி. அடுத்தவன் வீட்டுக்குள்ள வர்றப்ப ஒரு குரல் குடுத்துட்டு வரணும்" என்றார் அன்பாக. அதற்குப் பிறகு டுவைட் வரவில்லை. பேரப்பிள்ளைகளும்தான்.

நெல்டா ஷெரிஃப் ஆபீஸுக்குப் போனாள். அங்கிருந்த போலீஸ் டெப்யூட்டி காலெப், எர்வினிடம் படித்தவன்.

"யாரையாவது சுட்டாரா நெல்டாம்மா?"

"இல்ல."

"சுட்டுருவேன்னு மெரட்டினாரா?"

"மன்னிப்பு கேட்டார்ப்பா."

"அப்ப நான் எதுவும் பண்ண முடியாதே. அது அவரோட உரிமை." காலெப் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இதையே வாத்தியார்தான் எனக்குச் சொல்லிக்குடுத்தாரு."

ஒருநாள் அவளே துப்பாக்கியை மாவு டப்பாவுக்குள் ஒளித்துவைத்தாள். எர்வின் காலையிலிருந்து மாலைவரை வீட்டைக் கலைத்துத் தேடினார். கடைசியில் நாற்காலியில் உட்கார்ந்து அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒழுங்காகப் போலீசுக்குப் போன் செய்து திருட்டுப் புகார் கொடுத்தார். காலெப் வந்து நிற்க, நெல்டா மாவுக்குள் கைவிட்டு எடுத்துக் கொடுத்தாள். எர்வின் அவளைத் திட்டவில்லை. அன்றிலிருந்து அதைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு தூங்கினார்.

அப்போதுதான் அவளுக்குப் பட்டியல் ஞாபகம் வந்தது. கூடாத இடத்துக்குக் கூட்டிப்போனால், அவராகவே கழற்றி வண்டி இருக்கைக்கடியில் உள்ள இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டுவார். சண்டை இல்லை, அழுகை இல்லை. திங்கட்கிழமை தபால் ஆபீஸ்: வண்டியை எதிர்ச்சாரியில் நிறுத்திவிட்டுப் போய் ஒரே ஒரு ஸ்டாம்ப். செவ்வாய், வியாழன் கோர்ட். வெள்ளி குதிரைப் பந்தயம். மே மாதம் ஒரு தேர்தல் வந்தது, ஓட்டுப்பதிவே பல நாள், நெல்டாவுக்குத் திருவிழாதான். ஒருமுறைதான் ஓட்டுப் போட முடியும். மற்ற நாட்களில் சாவடி ஊழியர்களுக்குப் பெக்கான் கேக் கொண்டுபோனாள். ஞாயிற்றுக்கிழமைதான் பயம். ஆண்டவர் வீடு பட்டியலில் இல்லை. ஒரு பலகை மாட்டுங்களேன் என்று பாஸ்டரிடம் கெஞ்சிப் பார்த்தாள். "மாட்டிரலாம் சகோதரி, அப்புறம் பிரசங்கத்தை நான் நாற்காலிங்களுக்குத்தான் பண்ணணும்" என்றார் அவர்.

இன்று வண்டி நின்றதும் எர்வின் இறங்கினார். கதவைச் சாத்தினார். கோர்ட்டை நோக்கி நடந்தார். பெட்டியைத் திறக்கவில்லை.

நெல்டா பின்னாலேயே இறங்கினாள். தோல் உறையில் துப்பாக்கி, ஒவ்வோர் அடிக்கும் அவர் இடுப்பில் லேசாக ஆடியது. படியேறினால் கண்ணாடிக் கதவு. உள்ளே, உலோகம் கண்டால் அலறும் இயந்திரம். பக்கத்தில் காவலாளி ரூபேன். அலறினால் கைது, வழக்கு. அப்புறம் ஆயுசுக்கும் அவர் துப்பாக்கியைத் தொட முடியாது. டெப்யூட்டியும் பாஸ்டரும் செய்ய மாட்டேன் என்றதை அந்த இயந்திரம் ஒரே சத்தத்தில் செய்துவிடும். அவள் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். டுவைட் வருவான். பிள்ளைகள் வருவார்கள்.

நான்கு படிவரை அவள் வாயைத் திறக்கவில்லை. ஐந்தாவது படியில் அவருடைய சட்டைக் காலர் பின்பக்கம் மடங்கியிருப்பதைப் பார்த்தாள். காலையில் அவள்தான் சரிசெய்ய மறந்திருந்தாள்.

"எர்வின், நில்லு. எதையோ மறந்துட்ட பாரு."

அவர் நின்றார். வகுப்பில் யாராவது கடினமான கேள்வி கேட்டால் யோசிப்பதுபோல வெகுநேரம் யோசித்தார். முகம் தெளிந்தது. தொப்பியைக் கழற்றி அவளிடம் நீட்டினார்.

"ஆமா. உள்ள தொப்பி கூடாது."

வாங்கிக்கொண்டாள். இன்னொரு கை அவர் இடுப்புக்குப் போனது. நாற்பத்து நான்கு வருடத் தாம்பத்தியத்தில், அவர் இடுப்பில் இருக்கும்போது அந்த உறையை அவள் தொட்டதில்லை. மணிக்கட்டைப் பிடித்து முறிப்பார் என்று எதிர்பார்த்தாள். தையல்காரன் அளவெடுக்கும்போது நிற்பதுபோல அவர் கைகளைச் சற்றே தூக்கிக்கொடுத்தார். பார்வை மரத்தில் கத்தும் கறுப்புப் பறவைகள் மேல் இருந்தது. பிணத்தின் காலிலிருந்து செருப்பு வருவதுபோலத் துப்பாக்கி சுலபமாகக் கைக்கு வந்தது. கைப்பைக்குள் போட்டு மூடினாள். பை தோளை இழுத்தது.

எர்வின் மீதிப் படிகளை ஏறிக் கதவைத் திறந்தார். உள்ளிருந்து ரூபேனின் குரல்: "வாத்தியாரே, வண்டியில வச்சாச்சா?"

"வச்சாச்சு, வச்சாச்சு."

பிறகு திரும்பிப் பார்த்தார். கீழே வெயிலில், ஆம்பளைத் தொப்பி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பெண்மணி நின்றிருந்தாள். எர்வின் நல்ல குடும்பத்தில் வளர்ந்தவர். கதவை அகலமாகத் திறந்து, முதுகால் தாங்கி, ஒதுங்கி நின்றார்.

"வாங்கம்மா. வெயில்ல ஏன் நிக்கிறீங்க? உள்ள வாங்க."

கதவு வழியாக வழிந்த ஏ.சி. குளிர் படியிறங்கி வந்து அவள் கணுக்காலைத் தொட்டது. பையை இரண்டு கைகளாலும் வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். துப்பாக்கியோடு அவள் நுழைய முடியாத அந்த வாசலில் எர்வின், எந்த அவசரமும் இல்லாமல், சிரித்த முகத்தோடு கதவைப் பிடித்துக்கொண்டிருந்தார்.