இரண்டே முக்கால் அடி

மெஷின் அக்கா இறந்த அன்று, அவள் பாதியில் விட்டுப்போன சாமான் தரையிலிருந்து இரண்டே முக்கால் அடி உயரத்தில் நின்றுகொண்டிருந்தது. துக்கம் கேட்க வந்தவர்களுக்கு உட்கார இடம் போதவில்லை என்று அதைக் கூடத்து மூலைக்குத் தள்ளினார்கள். ஒற்றை விரல் போதுமாக இருந்தது. சத்தமில்லாமல் நகர்ந்து போய் மூலையிலும் அதே உயரத்தில் நின்றது.

எங்கள் தெருவில் முடியாத வேலை எதுவும் தரையில் நிற்பதில்லை. தெருவுக்குத் தார் போட்ட வருடம் தொடங்கியது இது. ஒரு சாமானைச் செய்ய ஆரம்பித்த அன்று அது கூரையைப் போய் முட்டும். வேலை ஆக ஆக இறங்கும். முடிந்ததும் தொப்பென்று தரையில் உட்காரும். அதற்குப் பிறகு அதுவும் வீட்டில் கிடக்கிற மற்ற சாமான்களைப் போலத்தான். இடையில் யார் ஏறி உட்கார்ந்தாலும் உயரம் மாறாது, கறிக்கடைக்காரர் ஒரு அரைகுறைக் கட்டிலில் படுத்தே பார்த்துவிட்டார். நகராட்சியிலிருந்து இரண்டு பேர் வந்து அளந்துகொண்டு போனார்கள். பதில் வரவில்லை. நாங்கள் சாமான்களை ஜன்னல் கம்பியில் கட்டிவைக்கப் பழகிக்கொண்டோம். கயிற்றின் விலைதான் கொஞ்சம் ஏறியது.

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை மூடிப்போன பிஸ்கட் கம்பெனிக் கொட்டகையில் கூடுவோம். அவரவர் சாமானைக் கயிற்றில் பிடித்துவந்து அவிழ்த்துவிட வேண்டும். தூணில் அடிக்கு ஒரு கோடு போட்டிருந்தது. அதனால் யாரும் பொய் சொல்ல வழியில்லை. "இன்னும் ரெண்டே நாள் வேலைதான்" என்று சொல்லி எலக்ட்ரீஷியன் விட்ட ரேடியோப் பெட்டி, நேரே தகரத்தில் போய் டங்கென்று இடித்தது. "உன் ரெண்டு நாளை எறக்க ஏணி வேணும் போலிருக்கே" என்றாள் ஓய்வுபெற்ற நர்ஸம்மா. அவளுடைய ஸ்வெட்டர் ஆறு வருடமாகக் கழுத்து இல்லாமல் ஆளுயரத்தில் நிற்பதை யாரும் அப்போது சொல்லிக்காட்டவில்லை. கொட்டகைக்கு ஒரே விதி: எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று கேட்கலாம், என்ன செய்கிறாய் என்று கேட்கக்கூடாது. கேட்கப் போனால் ஆட்கள் வாயாலேயே செய்து முடித்துவிட்டு வேலையை விட்டுவிடுகிறார்கள் என்பது எங்கள் அனுபவம்.

மெஷின் அக்கா தையல் மெஷின் ரிப்பேர் செய்கிறவள். குள்ளம். அவளுடைய கடையில் எல்லாமே அவள் கைக்கு எட்டுகிற உயரத்தில் இருக்கும், மற்றவர்கள் குனிந்து நிற்க வேண்டும். அவள் கணவர் ஓர் அச்சகத்துக்கு வீட்டிலிருந்தே புரூஃப் பார்ப்பவர், அச்சுப்பிழை திருத்துகிற வேலை. தெருவுக்கே புரூஃப் சார். நெட்டையான மனிதர். நீளநீளமான தாள்களைச் சாப்பாட்டு மேசையில் பரப்பி, வரி தவறிப்போகாமல் இருக்க ஒரு போஸ்ட் கார்டை வரிவரியாக இறக்கிக்கொண்டே படிப்பார். சாயங்காலம் எழுந்தால் கழுத்து திரும்பாது. பிறர் தவற்றைக் கண்டுபிடிப்பதே பிழைப்பு. ஒரு ஆணி அடித்தவரில்லை. கொட்டகைக்கு வெறுங்கையோடு வந்து அக்காவின் கயிற்றைப் பிடித்துக்கொள்வார்.

அவள் பதினோரு வருடம் அதைச் செய்தாள். மரச்சட்டம், சரிவான பலகை, இரண்டு உருளைகள், மெஷினில் இருப்பது போல ஒரு மிதிகட்டை, இரும்புத் தண்டில் ஓர் இருக்கை. வீட்டில் அவர் கேட்டால், "எறங்கட்டும், சொல்றேன்" என்பாள். மூன்று நாள் காய்ச்சலில் போய்விட்டாள்.

புரூஃப் சாருக்கு அதற்குப் பிறகு தெரியவேண்டியிருந்தது அந்த ஒன்றுதான். சரியாகத் தூங்கினார், சாப்பிட்டார், வேலை பார்த்தார். ஆனால் பதினோரு வருடம் பக்கத்திலேயே படுத்திருந்தவள் என்ன செய்துகொண்டிருந்தாள் என்பது தெரியாத மனிதராக மீதிக் காலத்தைக் கழிப்பது அவருக்கு முடியாது என்று பட்டது. விதியை மீறித் தெருவில் ஒவ்வொருவரிடமும் கேட்டார். தறி என்றார்கள். சாணைபிடிக்கிற வண்டி என்றார்கள். கறிக்கடைக்காரர் யோசித்துவிட்டு, ஏதாவது வாத்தியமாக இருக்கும் என்றார்.

அக்காவின் தம்பி வெல்டர். "விடுங்க மாமா, ஒரு வாரத்துல எறக்கிக் காட்டறேன்" என்று வந்தான். சாணைக்கல்லை மாட்டினான், சாமான் தோளுயரத்துக்கு ஏறியது. கழற்றினான், பழைய உயரத்துக்கு வந்தது. ஊசித்தண்டு வைத்தான், விளக்கில் போய் மாட்டிக்கொண்டது. புரூஃப் சார் இவை எல்லாவற்றையும் தாளின் ஓரத்தில் குறித்துக்கொண்டார். தப்பான யோசனைக்கு ஏறுகிறது என்றால் சரியான யோசனைக்கு இறங்கித்தானே ஆகவேண்டும் என்பது அவர் கணக்கு. கடைசியில் தம்பி ஒரு பிழையைக் கண்டுபிடித்தான்.

"மாமா, இருக்கைய பாருங்க. இதுல ஒக்காந்தா அக்காவுக்குக் கால் மிதிகட்டைக்கே எட்டாது. அளவு தப்பா எடுத்துட்டா."

"அவளா? அளவா?"

"மனுஷிதானே மாமா."

பிழை என்ற சொல்லைக் கேட்டதும் புரூஃப் சாரும் தலையாட்டிவிட்டார். அடுத்த ஞாயிறு கொட்டகையில் எல்லோரும் பார்க்க, தம்பி இருக்கையை ஒரு சாண் தாழ்த்தித் திருகுமறையை முறுக்கினான். சாமான் கயிற்றை அறுத்துக்கொண்டு மேலே போனது. கூரையில் ஒரு தகடு பெயர்ந்துபோன இடம் இருந்தது. அதன் வழியாக வானத்துக்குப் போகப் பார்த்து, மிதிகட்டை தகரத்தில் மாட்டியதால் பாதியில் நின்றது. காற்று அடித்தால் போய்விடும்.

தம்பி ஏணியைப் பிடித்தான். அவனுடைய எடைக்கு அது தாங்காது. "யாராவது ஒல்லியா இருக்கவங்க ஏறுங்கப்பா" என்றாள் நர்ஸம்மா, புரூஃப் சாரைப் பார்க்காமல். அவர் ஸ்பேனரைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஏறினார். ஏணியின் உச்சியிலும் மறை எட்டவில்லை. வேறு வழியின்றி சட்டத்தைப் பிடித்துத் தாவி இருக்கையிலேயே உட்கார்ந்து, குனிந்து மறையைத் தளர்த்தினார். முதலில் தவறான பக்கம் திருப்பினார். பிறகு சட்டத்தைப் பிடித்து எழும்பி, இருக்கையைத் தண்டில் இருந்த பழைய கோட்டுக்கு உயர்த்தி முறுக்கி, மிதிகட்டையைத் தகரத்திலிருந்து விடுவித்தார். சாமான் அவரைச் சுமந்தபடி கூரையிலிருந்து மெல்ல இறங்கியது.

"மாமா!" என்று கத்தினான் தம்பி. "உங்க காலு!"

அவர் குனிந்து பார்த்தார். இரண்டு பாதமும் மிதிகட்டைமேல் சமமாக, அளவெடுத்து வைத்தது போல இருந்தன. சரிவுப் பலகை அவர் கண்ணுக்கு நேராக இருந்தது. கழுத்து வளையவில்லை. பதினோரு வருடத்தில் அவரை அதில் உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை, அவருக்கும் தோன்றவில்லை.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்" என்றார்.

"சொல்லியிருந்தா நீங்க ஓரத்துல திருத்தம் போட்டிருப்பீங்க" என்றாள் நர்ஸம்மா.

வீட்டுக்குப் போய் ஒரு நீளத் தாளை உருளைகளுக்கு நடுவில் கொடுத்து மிதித்தார். பலகையில் விரல் அகலத்துக்கு ஒரு திறப்பு இருந்தது. அதில் ஒரு வரி வந்து நின்றது. மறுபடி மிதித்தார். அடுத்த வரி. ஒன்றுகூடத் தவறவில்லை. மேல் உருளைக்கு மட்டும் பட்டை இல்லாமல் தாள் கோணலாகச் சுற்றியது. பட்டையைத் தைத்து மாட்ட அவருக்கு ஏழு மாதமும் மூன்று நகங்களும் ஆயின. ஒவ்வொரு கூட்டத்திலும் ஆறு விரல், ஏழு விரல் என்று இறங்கி, தரைக்கு ஒரு விரல் மேலே வந்து நின்றது.

அக்காவின் கருவி டப்பாவில் ரப்பர் குல்லாய்கள் நாலு இருந்தன. கால்களுக்கென்று அவளே வெட்டி வைத்தவை. தம்பிதான் எடுத்துவந்தான்.

"இதை மாட்டினா முடிஞ்சுது மாமா. ரெண்டு நிமிஷ வேலை."

"தரையில நிக்காத காலுக்கு ரப்பர் எதுக்கு மச்சான்?"

"மாட்டினாத்தானே தரையில நிக்கும்!"

"மாட்டலாம், மாட்டலாம்" என்று சொல்லி அவர் அவற்றை வாங்கி டப்பாவில் போட்டு மூடினார். தம்பி எழுந்து போய் இருவருக்கும் டீ போட்டான்.

நிலைகொள்ளாத சாமானாதலால், மிதிக்க மிதிக்க அது நகர்கிறது. காலையில் வாசலருகே முதல் வரியைத் தொடங்கினால், ஒரு அத்தியாயம் முடிவதற்குள் கூடத்தைக் கடந்து சமையலறைக்குப் போய், அடுப்பு மேடையில் லேசாக இடித்துத் திரும்பி, பின்பக்க ஜன்னலுக்கு வருகிறது. வீட்டில் மற்ற சாமான்களை எல்லாம் சுவரோடு ஒதுக்கி வழிவிட்டிருக்கிறார். அச்சகத்திலிருந்து தாள் வாங்க வருகிற அம்மா முதல் தடவை வாசலில் நின்று கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தாள். எதிர்வீட்டுப் படியிலிருந்து நர்ஸம்மா, ஸ்வெட்டர் ஊசியை நிறுத்தாமலே சொன்னாள்:

"இப்பதான் சமையக்கட்டுப் பக்கம் போனாரு. அது பெரிய அத்தியாயமாம். பின்னால போய் நில்லுங்க, நாலு மணிக்கு ஜன்னலுக்கு வந்துருவாரு."

அந்த அம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் பின்பக்கம் போய் நின்றாள். நாலு மணிக்கு அவர் வந்தார்.