கருகிய பனையில் வைத்த காது

1.
இந்தக் கதையைத் திருடித்தான் எழுதுகிறேன். ராயப்பேட்டையில் எனக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுக்கும் ஷாகிரா, அளவெடுத்துக்கொண்டே சொன்னது. "எழுதிடாதீங்க மேடம்" என்றும் சொன்னாள்.

முதல் தொடக்கம்: தீ தின்ற காட்டுக்கு முதலில் திரும்பிய நிறம்...

(வேண்டாம். அன்று அவளுக்கு எதுவும் அழகாக இல்லை.)

2.
அடையாற்றை ஒட்டி, வேலி போட்ட ஒரு சின்னக் காடு. போன மே மாதம் பாதி எரிந்தது. அதிலிருந்து வாரத்தில் இரண்டு நாள் காலையில் ஷாகிரா அங்கே போய், எந்தெந்தப் பறவை திரும்பியிருக்கிறது என்று குறித்து வந்தாள். பத்து மாதம் கழித்து, கருகிய மொட்டைப் பனையின் பொந்துக்குள் ஒரு மரங்கொத்தி இரையோடு நுழைந்தது. எரிந்த பக்கத்தில் அவள் பார்த்த முதல் கூடு.

மூன்றாம் நாள் பனையடியில், மரம் வெட்டும் கூலிக்கு வந்த துரைராஜ் நின்றிருந்தார். கையில் மரம் அறுக்கும் மெஷின், ஓடிக்கொண்டிருந்தது.

"நவுரும்மா. நடபாத மேல சாஞ்சிரும்னு அறுக்கச் சொல்லிக்கீறாங்க."

"அண்ணா, உள்ள குஞ்சு இருக்கு!"

மெஷினை அணைத்தார். இருவரும் அண்ணாந்தார்கள்.

"சத்தமே காணோமே?"

மரங்கொத்திக் குஞ்சுகள் ஓயாமல் கத்தும். அது அவளுக்கும் தெரியும். மெஷினுக்குப் பயந்து அடங்கியிருக்கலாம். செத்தும் போயிருக்கலாம்.

"தாய் வரும்ணா. பத்து நிமிஷம் குடுங்க."

3.
(இரண்டு வரைவுகளில் தாயை வரவழைத்தேன். படித்தபோது வெட்கமாக இருந்தது. அது வரவில்லை.)

பத்து நிமிடம் இருபதானது. துரைராஜின் போன் அடித்தது, மேஸ்திரி. அவர் எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. ஷாகிரா பனையில் முதுகை ஒட்டி நின்றுகொண்டாள். 'முதல்ல என்னை அறுங்க' என்று

(இல்லை. அது நான் அவள் வாயில் திணிக்கப் பார்த்தது.)

"எனக்கு நிச்சயமாத் தெரியாதுண்ணா," என்றாள். "இருக்கலாம். அவ்ளோதான்."

துரைராஜ் அவளை ஒரு பார்வை பார்த்தார். தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, கரியில் காதை வைத்துக் கண்ணை மூடினார். போன் மூன்றாம் முறை அடித்தது. காதை எடுக்காமலே பேசினார்.

"உள்ள உசுரு கீது மேஸ்திரி. என்னால ஆவாது. வேற ஆள இட்டாந்துக்கோ."

அவர் போனதும் ஷாகிராவும் காதை வைத்தாள். தன் நெஞ்சு அடித்துக்கொள்வது மட்டும்தான் கேட்டது.

4.
வேறு ஆள் வர ஒன்பது நாள் ஆனது. பனை விழுந்தபோது பொந்து காலி. பறந்துவிட்டனவா, அன்றைக்கே இல்லையா, யாருக்கும் தெரியாது. துரைராஜை அப்புறம் வேலைக்குக் கூப்பிடவில்லை.

அவருக்கு உண்மையிலேயே கேட்டதா? பெரும்பாக்கத்தில் இருக்கிறார், கேட்டால் சொல்வார். ஒருநாள் பஸ் ஏறிப் பாதி வழியில் இறங்கித் திரும்பிவிட்டேன். உங்களுக்குத் தெரிந்தே ஆக வேண்டுமென்றால் போய்க் கேளுங்கள். எனக்குச் சொல்லாதீர்கள்.