பதினொரு நிமிடத்துக்கு ஒரு முறை

பத்து பதினான்குக்கு வந்தது. பிறகு பத்து இருபத்தைந்துக்கு. பத்து முப்பத்தாறுக்கு மூன்றாவது முறை வந்தபோது, நேரத்தை நோட்டில் குறித்துக்கொண்டு ஹெட்போனைக் காதோடு சேர்த்து அழுத்தினேன். ம்ம்ம் என்று ஒரு முனகல். அடுத்த அறையில் யாரோ வாயைத் திறக்காமல் சுருதி பிடிப்பது போல. நாற்பது விநாடி இருக்கும். பிறகு ஒன்றுமில்லை. பதினொரு நிமிடத்துக்கு ஒரு முறை, நாற்பது விநாடி. எங்கிருந்து வருகிறது என்று மட்டும் தெரியவில்லை.

"இப்ப கேட்டுச்சா டீச்சர்?"

வீட்டுக்காரம்மா பள்ளிக்கூட டீச்சர். சாப்பாட்டு மேசையில் பரீட்சைத் தாள்களைப் பரப்பிவைத்து, சிவப்பு மை பேனாவால் திருத்திக்கொண்டிருந்தார். நிமிராமலே சொன்னார்: "பதினாறு வருஷமா இந்த வீட்டுலதான் இருக்கேன். எனக்கு ஒண்ணும் கேக்கலையே. எதுக்கும் காதக் காமிச்சிடும்மா."

"காது நல்லாத்தான் இருக்கு டீச்சர். அதான் தொல்லையே."

அவர் பொய் சொல்லவில்லை. தினமும் கேட்கிற சத்தத்தை மனிதக் காது கொஞ்ச நாளில் தள்ளி வைத்துவிடும். மைக்குக்கு அந்த நாகரிகம் கிடையாது. ஆள் பேசுவதையும் பக்கத்து வீட்டு மின்விசிறியையும் ஒரே மரியாதையோடு உள்ளே வாங்கிக்கொள்ளும். எடுக்கப்போகிற படத்தில் அண்ணனும் தங்கையும் இந்த வீட்டுக்குள்ளேயே பன்னிரண்டு நாள் தாழ்ந்த குரலில் சண்டை போடுகிறார்கள். தாழ்ந்த குரலுக்கு அடியில் இந்த முனகல் ஓடினால், கூடத்தில் எடுத்த காட்சி முழுவதையும் ஸ்டூடியோவில் மறுபடி பேச வைக்க வேண்டியிருக்கும். அப்போது யாரும் வீட்டைத் திட்ட மாட்டார்கள். ஒலிப்பதிவு பண்ணவள் தூங்கிட்டிருந்தாளா என்றுதான் கேட்பார்கள்.

அதற்காகத்தான் படப்பிடிப்புக்கு முன்னால் இடத்தைப் பார்க்க வருவது. கேமராமேன் முந்தாநாள் வந்து, ஜன்னல் வெளிச்சத்தைப் பார்த்து, நாலு போட்டோ எடுத்துக்கொண்டு அரை மணியில் கிளம்பிவிட்டார். வெளிச்சம் போட்டோவில் வரும். சத்தம் வராது. அது வரும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். பார்க்கிறவர்களுக்கு நான் சும்மா தரையில் உட்கார்ந்திருப்பதாகத்தான் தெரியும்.

இந்தப் படத்துக்கு இது மூன்றாவது வீடு. முதல் வீட்டுக்குப் பின்னால் ரயில் பாதை இருந்தது. இரண்டாவது வீட்டுக்கு மேலே ஒரு உடற்பயிற்சிக்கூடம். ஆறு மணிக்கு மேல் இரும்பைத் தரையில் போட ஆரம்பித்தார்கள். இரண்டையும் வேண்டாம் என்று சொன்னவள் நான்தான். அந்த இரண்டு நாளுக்கும் எனக்கு ஒரு காசு வரவில்லை. இடம் பார்க்கிற நாளைப் படப்பிடிப்பு நாளோடு சேர்த்துக் கொடுப்பதுதான் வழக்கம். இடம் சரியில்லை என்றால் அங்கே படப்பிடிப்பே கிடையாது, சேர்ப்பதற்கு ஒன்றும் இருக்காது. வேலையை ஒழுங்காகச் செய்தால் சம்பளம் இல்லை. காதைப் பொத்திக்கொண்டு சரி என்று சொன்னால் பன்னிரண்டு நாள் சம்பளம். எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்துவிட்டேன், எங்கே திருகினால் இது சரியாகும் என்று பிடிபடவே இல்லை. இன்றைக்கு ஒரு கருத்தரங்கில் ஒலிப்பதிவு செய்யக் கூப்பிட்டிருந்தார்கள். அதையும் விட்டுவிட்டு இங்கே வந்திருந்தேன். காலையில் கிளம்பும்போது என் வீட்டுக்காரர், "இன்னைக்கும் தர்ம காரியமா?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். ஆனாலும் பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அது உறுத்திக்கொண்டே இருந்தது.

பத்தே முக்காலுக்குத் தயாரிப்பு மேனேஜர் போன் செய்தார்.

"தங்கச்சி, வீடு ஓகேதான?"

"ஒரு சத்தம் வருதுண்ணே. எங்கேருந்துன்னு தேடிட்டிருக்கேன்."

"மறுபடியுமா? நீ போற வீட்டுலல்லாம் சத்தம் வருதேம்மா. நாலு மணிக்குள்ள சொல்லணும். இதே வீட்டுக்கு ஒரு விளம்பரக் கம்பெனி அட்வான்ஸோட நிக்குது. இதுவும் போச்சுன்னா டைரக்டர் என்னைத்தான் கடிப்பாரு. அப்புறம் நாலாவது வீடு பாக்கணும், அதுக்கும் நீதான் வரணும்."

சும்மா வரணும் என்று அவர் சொல்லவில்லை. சொல்லாமலே இரண்டு பேருக்கும் தெரியும்.

முதலில் ஃப்ரிட்ஜை நிறுத்தினேன். பத்து நாற்பத்தேழுக்குச் சத்தம் வந்தது. டீச்சரிடம் கேட்டு வீட்டின் மெயின் சுவிட்சையே அணைத்தேன். பத்து ஐம்பத்தெட்டுக்கும் வந்தது. அப்படியென்றால் வீட்டுக்குள் ஓடுகிற எந்த இயந்திரமும் இல்லை. மைக்கைச் சுவர் சுவராக நகர்த்தினேன். கூடத்துச் சுவரில் மெலிதாக, நடையில் கொஞ்சம் கனமாக, குளியலறை ஓரமாகச் சுவருக்குள் ஏறிப்போகிற தண்ணீர்க் குழாயில் கை வைத்தால் விரல் நுனியிலேயே அதிர்ந்தது. இரும்புக் குழாய் சத்தத்தை நன்றாகவே கடத்தும்.

மொட்டை மாடிக்கு ஓடினேன். தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன பம்ப். யாராவது குழாயைத் திறந்தால் அழுத்தம் குறையும், பம்ப் தானாக ஓடும், மூடினால் நின்றுவிடும். அவ்வளவுதான் அதன் மூளை. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, பதினொன்று இருபதுக்கு அது முனகத் தொடங்கி நாற்பது விநாடியில் அடங்கியது. கட்டடத்தில் எட்டு வீடு. பாதிப் பேர் வேலைக்குப் போய்விட்டார்கள். இருக்கிறவர்களும் கடிகாரம் பார்த்துக் கை கழுவ மாட்டார்கள். ஆள் திறந்தால் நேரம் முன்பின் இருக்கும். இது ஆள் இல்லை.

படியிறங்கும்போதுதான் மண்டையில் உறைத்தது. ஒழுகுகிற கழிப்பறைத் தொட்டி. உள்ளே அடியில் இருக்கிற ரப்பர் மூடி தேய்ந்துபோனால் தண்ணீர் சத்தமில்லாமல் கசிந்துகொண்டே இருக்கும். மட்டம் ஓர் அளவுக்குக் கீழே இறங்கியதும் மிதவை வால்வைத் திறக்கும், தொட்டி நிரம்பும், அதற்காகப் பம்ப் ஓடும். கசிவதற்குப் பதினொரு நிமிடம், நிரம்புவதற்கு நாற்பது விநாடி. எட்டு வீட்டில் எந்த வீட்டுத் தொட்டி என்பதுதான் பாக்கி.

"டீச்சர், உங்க சிவப்பு மை கொஞ்சம் வேணும்."

"தாள் திருத்தறியா?"

"கக்கூஸ் தொட்டிக்கு."

மேலும் கீழும் பார்த்துவிட்டு மைப்புட்டியை எடுத்துக் கொடுத்தார். தொட்டி மூடியைத் தூக்கி நாலு சொட்டு விட்டேன். இரண்டு பேரும் கழிப்பறை வாசலில் நின்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். மூன்று நிமிடம் ஒன்றுமில்லை. பிறகு வெள்ளைக் கோப்பையின் உள்ளே ஒரு சிவப்பு நூல் மெல்ல இறங்கியது.

"அட, என் வீடேதானா," என்றார் டீச்சர். தப்பு விடை எழுதிய மாணவனைப் பார்ப்பது போலத் தொட்டியைப் பார்த்தார்.

சுவரோரம் இருந்த குட்டி வால்வை மூடினால் சத்தம் நிற்கும். ஆனால் இந்த வீட்டில் ஒரே கழிப்பறை. பன்னிரண்டு நாள் நாற்பது பேர் வந்து போகிற இடம், மூடி வைக்க முடியாது. டீச்சர் பிளம்பருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"வந்து பாக்க நானூறும்மா. சரியானாலும் நானூறு, ஆகாட்டியும் நானூறு. சாமான் தனி. சரின்னா வரேன்."

"சரிப்பா, வா," என்றார் டீச்சர். ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை. நான் அந்தப் போனையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிளம்பர் இரண்டரைக்கு வந்தார். என் வயதுதான் இருக்கும். தொட்டியைத் திறந்தவர் சிவப்புத் தண்ணீரைப் பார்த்துப் பின்வாங்கினார்.

"என்னக்கா, கொல கேஸா?"

"மை."

"நீங்களே கண்டுபிடிச்சிட்டீங்களா? அப்ப நான் எதுக்கு?" என்று சொல்லிக்கொண்டே ரப்பரை மாற்றினார். பத்து நிமிட வேலை. சீட்டில் இரண்டு வரி எழுதினார். வந்து பார்த்தது, நானூறு. ரப்பர், நூற்றிருபது.

அவர் சீட்டைக் கிழிக்கும்போது மேனேஜர் உள்ளே வந்தார். நெற்றியெல்லாம் வியர்வை, இரண்டு கையிலும் போன். டீச்சர் பணப்பையை எடுப்பதைப் பார்த்துத் தடுத்தார். "நீங்க விடுங்க டீச்சர், கம்பெனி செலவு." சீட்டை வாங்கிப் படித்தார், ஐந்நூற்றிருபதை எண்ணிக் கொடுத்தார், சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். வந்து பார்த்ததற்கு எதற்கு நானூறு என்று அவர் கேட்கவே இல்லை.

பிளம்பர் போனதும் நான் கேட்டேன். "அண்ணே, அவர் வந்து பாத்ததுக்குக் காசு. நான் வந்து பாத்ததுக்கு?"

"அவரு பிளம்பரும்மா."

"நான்?"

"நீ நம்ம வீட்டுப் பொண்ணு. தங்கச்சிகிட்ட அண்ணன் கணக்குப் பாப்பானா?"

"தங்கச்சின்னா சொத்துல பங்கு எழுதி வைங்க. இல்லன்னா விசிட்டுக்குக் காசு குடுங்க. ரெண்டுல ஒண்ணு."

டீச்சர் தாளுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தார். மேனேஜர் சிரிக்கவில்லை. குரலைத் தாழ்த்தினார். "விசிட்டுக்கெல்லாம் காசு வாங்காம வர ஆளு இருக்கும்மா. நேத்துகூட ஒருத்தர் போன் பண்ணாரு. நான்தான் உன்னை விட்டுக் குடுக்கல. சரி, மணி மூணாச்சு. வீடு ஓகேவா, இல்லையா?"

இந்தப் படம் போனால் அடுத்தது எப்போது என்று தெரியாது.

"இன்னும் தெரியாதுண்ணே. புது ரப்பர் பிடிச்சிருக்கான்னு கேக்கணும். இருபத்திரண்டு நிமிஷம். யாரும் பேசக் கூடாது, நடக்கக் கூடாது."

"இருபத்திரண்டா?"

"பதினொண்ணு ஒரு தடவ தப்பலாம். ரெண்டு தடவ தப்பாது."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். நான் தரையில் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். மூன்று ஐந்து. டீச்சரின் பேனா நின்றது. தெருவில் ஒரு சைக்கிள் மணி போய் மறைந்தது. மேனேஜரின் செருப்பு தரையில் தேய்ந்தது. நான் நிமிர்ந்து பார்த்தேன், காலை இழுத்துக்கொண்டார். இரண்டு நிமிடம் போவதற்குள் மூன்று முறை மணிக்கட்டைப் பார்த்தார். சும்மா உட்கார்ந்து கேட்பது எவ்வளவு கஷ்டமான வேலை என்று அவர் முகத்தில் எழுதியிருந்தது.

பிளம்பர் போனில் சொன்னது மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. தொகை பெரிய விஷயம் இல்லை. அவர் அதைக் கிளம்புவதற்கு முன்னால் சொன்னார், சரி என்று கேட்ட பிறகுதான் கிளம்பினார். நான் மூன்று முறையும் போய் வேலையை முடித்துவிட்டு அதன்பிறகு மென்று விழுங்கிக்கொண்டிருந்தேன். போனை எடுத்தேன். சத்தம் வராமல் தட்டினேன், அழித்தேன், மறுபடி தட்டினேன். மூன்று பதினாறு. குழாயில் ஒன்றுமில்லை. சுண்டு விரலை மடக்கி முதல் பதினொன்று என்று அவருக்குக் காட்டினேன். கட்டை விரலால் அனுப்பு என்பதை அழுத்தினேன்.

அவர் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. ஹெட்போனில் அது மரத்தைத் துளைப்பது போலக் கேட்டது. எடுத்துப் படித்தார். பேச வாயைத் திறந்தார். நான் கையைத் தூக்கினேன். வாயை மூடிக்கொண்டு, திரும்ப முதலிலிருந்து படித்தார்.

மூன்று இருபத்தேழு வந்தது, கடந்தது. சுவருக்குள் குழாய் பேசாமல் இருந்தது. அடுத்த விரலையும் மடக்கி, வீடு ஓகே என்று தலையசைத்தேன். நான் ஹெட்போனைக் கழற்றவில்லை. எதிரே அவர் கட்டை விரல் திரைக்கு மேலே தொடாமல் நின்றுகொண்டிருந்தது. திரையில் நான் எழுதியது இவ்வளவுதான்:

"அண்ணே, இடம் பார்க்க வருவதும் வேலை நாள். வீட்டிலிருந்து கிளம்பித் திரும்ப நாலு மணி நேரத்துக்குள் என்றால் படப்பிடிப்பு நாள் சம்பளத்தில் பாதி. தாண்டினால் முழுசு. வண்டிச் செலவு தனி. இடம் சரியானாலும் இதே, ஆகாவிட்டாலும் இதே. படப்பிடிப்புச் சம்பளத்தில் கழிக்கக் கூடாது. முதல் இரண்டு வீட்டுக்கு முன்னாலேயே சொல்லாதது என் தப்பு, அதைக் கேட்கவில்லை. இன்றைக்கு முழு நாள். அடுத்த இடத்துக்கு, சரி என்று நீங்கள் பதில் போட்ட பிறகு கிளம்புகிறேன். இந்த வீடு ஓகேவா என்று மூன்று இருபத்தேழுக்குச் சொல்கிறேன்."