உயிரோடு இருப்பவர்களுக்கு மட்டும்

எங்கள் பாஸ்ரர் இரத்தினசிங்கம் கெட்ட மனிதர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கதை முடிந்த பிறகு சொல்ல எனக்கு மனம் வராது.

யாழ்ப்பாணத்தில் அமெரிக்கன் மிஷன் என்கிற புரொட்டஸ்தாந்து சபையில் போதகராக இருந்துவிட்டு எண்பத்து நாலில் டென்மார்க்குக்கு வந்தவர். பிராண்டே என்கிற சின்ன ஊரில் நாங்களெல்லாம் பாண் வாங்கவே கையைக் காட்டிக்கொண்டு நின்ற காலத்தில், அவர் கொம்யூன் என்கிற நகரசபை அலுவலகத்தில் வெள்ளைக்காரரோடு டெனிஷில் பகிடி விட்டுக் கதைத்தார். ஞாயிறு பின்னேரங்களில் அவர்களுடைய தேவாலய மண்டபத்தைக் கேட்டு வாங்கித் தமிழ் ஆராதனை வைத்தார். நான் மன்னார்க் கத்தோலிக்கன். அந்தக் குளிரில் தமிழில் கும்பிட ஓர் இடம் கிடைத்தால் சபையா பார்ப்பது? போனேன்.

அங்கே வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் என்னைப் போலத்தான். நாங்கள் இங்கே, குடும்பம் ஊரில். அவர்களைக் கூப்பிடச் சட்டம் உரிமை தந்திருந்தது, விண்ணப்பமும் போட்டிருந்தோம். எண்பத்தேழின் கடைசியிலிருந்து கோபன்ஹேகனில் அரசாங்கம் வாயே திறக்கவில்லை. ஓம் என்றுமில்லை, இல்லை என்றுமில்லை. கிணற்றுக்குள் கல்லைப் போட்டாலும் ஒரு சத்தம் கேட்கும்.

ஆகவே பாஸ்ரர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். ஆராதனை முடிவில் கண்ணை மூடி, ஊரில் காத்திருக்கிற ஒவ்வொருவருக்காகவும் பெயர் சொல்லிச் செபிப்பார். எல்லாம் மனப்பாடம். "நிக்கலசின்ர மனைவி மேரிகிறேஸ், மகள் ஷாமிலா" என்று வரும்போது அவர்கள் பக்கத்து அறையில் சட்டை மாற்றிக்கொண்டு நிற்கிற மாதிரி இருக்கும். அந்த ஒரு வரிக்காகத்தான் கிழமை முழுக்கத் தொழிற்சாலையில் இறைச்சி வெட்டினேன்.

ஒருமுறை, செத்துப்போன என் அப்பாவின் பெயரையும் சேர்க்கச் சொன்னேன்.

"அது மட்டும் கேளாதையும், நிக்கலஸ். எங்கட சபையில செத்தவைக்குச் செபமில்லை. உயிரோட இருக்கிறவைக்குத்தான்."

"ஒரு பேர்தானே பாஸ்ரர். வாய் நோகுமோ?"

"மனுசரோட ஆயிரமும் கதைக்கலாம். செபிக்கக் கண்ணை மூடின பிறகு ஆண்டவரோட விளையாட ஏலாது."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நானும் சிரித்தேன். கத்தோலிக்கனும் அமெரிக்கன் மிஷன்காரனும் நூறு வருசமாகக் கொழுவுகிற விசயம் அது.

எண்பத்தெட்டு கோடையில் அவரை ஒரு கட்சி வேட்பாளராகப் பிடித்தது. அடுத்த வருசம் கொம்யூன் தேர்தல். வெளிநாட்டுக்காரரும் வாக்களிக்கலாம், நிற்கலாம். எந்தக் கட்சி என்று சொல்லி எனக்கு ஆகப்போவதில்லை. அந்த ஞாயிறு பாஸ்ரர் பிரசங்கத்தில் அமெரிக்காவின் ஆதிகாலத்துப் பாதிரி ஒருவரின் கதையைச் சொன்னார். ஊர்ச் சனத்தின் கஷ்டம் பொறுக்காமல் தேர்தலில் நின்று சட்டசபைக்குப் போனவராம். போகிற அன்று அங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டினாராம்.

"பிறகு எடுத்துப் போட்டவரோ?" என்று கடைசி வாங்கிலிருந்து கேட்டேன்.

"தேவைப்படேல்லை," என்றார் பாஸ்ரர் பெருமையாக.

அடுத்த ஞாயிறு அவர் அங்கியில்லாமல் கோட்டும் கழுத்தில் ரையுமாக வந்தார். நல்ல வடிவாகத்தான் இருந்தார்.

இலையுதிர்காலத்தில் ஒரு பத்திரிகை நிருபர் ஊருக்குள் திரியத் தொடங்கினான். ஸ்டேஷனுக்குப் பக்கத்து விடுதியில் தங்கியிருந்தான். அவன் கேட்டதெல்லாம் ஒரே கேள்வி: காத்திருந்தவர்களில் யாராவது செத்திருக்கிறார்களா?

"அவனோட ஒருத்தரும் கதைக்க வேண்டாம்," என்றார் பாஸ்ரர். "கட்சித் தலைவர் எனக்கு வாக்குத் தந்திருக்கிறார். சத்தம் போடாமல் இருந்தால் கதவு திறக்கும். பேப்பரில வந்தால் கதவும் பூட்டும், என்ர பேரும் போகும். நான் உள்ளுக்குப் போனால்தானே உங்களை இழுக்கலாம்?"

நாங்கள் தலையாட்டினோம். டெனிஷ் தெரிந்தவர் அவர். கொழும்பிலிருந்து வருகிற தொலைபேசி எல்லாம் அவர் வீட்டுக்குத்தான் வரும். கொழும்பில் ஒரு தேவாலயத்தில் இருந்த அவருடைய மைத்துனர்தான் ஊர்ச் செய்திகளைச் சொல்வார். எங்கள் கண்ணும் காதும் பாஸ்ரர்தான்.

பிறகு ஒரு ஞாயிறு, எங்களில் ஒருவனான பேனாட்டின் மனைவி மாக்கிரட்டின் பெயர் செபத்தில் வரவில்லை. மறந்துபோனார் என்று நினைத்தோம். அடுத்த ஞாயிறும் வரவில்லை. "தேர்தல் தலைக்குள்ள ஓடுது, பாவம்" என்று பேனாட்டே சிரித்தான். நத்தார்ப் பண்டிகைக்குக் கொஞ்சம் முன்னால் ஜெர்மனியிலிருந்து வந்த உறவுக்காரர் ஒருவர்தான் சொன்னார்: மாக்கிரட் போய்ச் சேர்ந்து இரண்டு மாதம். குண்டுச் சன்னம் பட்டதாம்.

பாஸ்ரர் பேனாட்டைக் கட்டிப்பிடித்து அழுதார். உண்மையான கண்ணீர்தான், சத்தியமாகச் சொல்கிறேன். அந்தக் கண்ணீரைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போதுதான் எனக்குள் ஏதோ குளிர்ந்தது. அவர் மறக்கவில்லை. தெரிந்துதான் பெயரை விட்டிருக்கிறார்.

யாரோடும் இதைக் கதைக்கவில்லை. ஆனால் மற்றவர்களும் கணக்குப் போட்டிருந்தார்கள் என்று தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் மண்டபத்தில் இருமல் கூட இல்லை. அவரவர் பெயர் வருமட்டும் மூச்சை அடக்கிக்கொண்டு இருந்தார்கள். பெயர் வந்தவன் முகத்தைத் துடைப்பான். சிலர் அவருக்கு இறைச்சி வைத்த ரோல்ஸ் சுட்டுக் கொண்டுவந்து கொடுத்தார்கள். ரோல்ஸ் கொடுத்து உயிரை வாங்கலாம் என்று நினைத்த விசர்ச் சனம்! ஏன், நானும் ஒருநாள் கொடுத்தேன்.

தை மாதத்து முதல் ஞாயிறு. நாலு மணிக்கே வெளியில் இருட்டு. பாஸ்ரர் பிரசங்கத்தைக் குளறுபடியாக முடித்தார். என் பக்கம் அவர் பார்க்கவேயில்லை. கண்ணை மூடி, "இண்டைக்கு எல்லாருக்காகவும் பொதுவாகச் செபிப்பம்," என்றார்.

"பேர் சொல்லுங்கோ, பாஸ்ரர்." கணவன் வவுனியாவில் காத்திருந்த பற்றிமா எழும்பி நின்றாள். "பேர் சொல்லாமல் நான் வீட்டை போகமாட்டன்."

"ஓம், பேர் சொல்லுங்கோ," என்றது மண்டபம்.

பாஸ்ரர் தொடங்கினார். மரியரட்ணத்தின் மனைவியின் பெயர் வந்தது. பற்றிமாவின் கணவன் வந்தான். பற்றிமா பொத்தென்று வாங்கில் இருந்தாள். அடுத்தது என்னுடையது.

"நிக்கலசின்ர..." என்றார். நிறுத்தினார்.

"நிக்கலசின்ர மகள் ஷாமிலா."

நான் எழும்பினேன்.

"ஒரு பேரை விட்டிட்டியள், பாஸ்ரர்."

"நிக்கலஸ், பிறகு கதைப்பம். இரும்."

"மேரிகிறேஸ். நாலே நாலு எழுத்தோ ஐஞ்சு எழுத்தோ. கண்ணை மூடிக்கொண்டு ஒருக்காச் சொல்லுங்கோ. நீங்கள் சொன்னால் நான் இருந்திடுவன்."

வாயைத் திறந்தார். அந்த மனிதர் எங்களுக்கு எத்தனை பொய் சொல்லியிருப்பார்! கட்சிக்காக, எங்களுக்காக, கதவு திறக்கும் என்பதற்காக. அந்த ஒரு பொய்யை மட்டும் அவரால் சொல்ல முடியவில்லை. சொல்லிவிடேன் என்று நான் உள்ளுக்குள் கெஞ்சினேன். பொய்யென்றாலும் சொல்லிவிடு, ஐயா.



"பிள்ளை ஆரோட நிக்குது?" என்று கேட்டேன்.

"மன்னார்க் கன்னியர் மடத்தில... சுகமாய் இருக்கிறாள். சிஸ்டர்மார் பார்க்கினம்."

"எப்ப தொடக்கம்?"

பின்னாலிருந்து பேனாட்தான் ஒரு மாதிரி முனகினான்.

மேரிகிறேஸ் செத்துப்போனாள். என் மனுசி செத்துப்போனாள். நான் இங்கே ரோல்ஸ் சுட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். நெஞ்சு வெடிக்கிறது என்பார்களே, வெடிக்கவில்லை; வெடித்திருந்தால் நல்லாயிருந்திருக்கும். அங்கேயே முழங்காலில் விழுந்து, செத்தவர்களுக்கு நாங்கள் சொல்கிற செபத்தை அவள் பெயரைச் சொல்லிச் சத்தமாகச் சொன்னேன். அந்த மண்டபத்தில் அது முதல் தடவை. பேனாட் வந்து பக்கத்தில் முழங்காலிட்டு மாக்கிரட்டின் பெயரைச் சேர்த்தான். அவன் அமெரிக்கன் மிஷன்காரன்.

எழும்பிக் கோட்டைப் போட்டேன். பாஸ்ரர் கையை நீட்டிக்கொண்டு கிட்ட வந்தார். "நிக்கலஸ், இன்னும் கொஞ்ச நாள். ஷாமிலாவையாவது நான்..."

"என்ர பிள்ளையின்ர பேரை இனி நீங்கள் சொல்லாதேயுங்கோ," என்றேன். "அவளின்ர பேரை நான் சொல்லுறன்."

நானும் பேனாட்டும் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தோம். பனி கொட்டியது. பேனாட் கையுறையைப் போட்டபடி ஸ்டேஷன் பக்கம் பார்த்தான்.

"அந்த நிருபன் விடுதியில எந்த அறையில நிக்கிறான், தெரியுமோ?" என்று கேட்டான்.

"கேட்டுப் பார்ப்பம்," என்றேன். நடந்தோம்.